255 253 3: டெல்நெட் இணைப்பின் முதல் பைட்டுகளில் என்ன பேசிக்கொள்ளப்படுகிறது

பைத்தானிலோ வேறு எதிலோ ஒரு சின்ன சாக்கெட் சர்வர் எழுதி, அதை 23-ஆம் போர்ட்டில் ஓடவிட்டு, லினக்ஸில் இருக்கும் டெல்நெட் கிளையன்ட்டால் இணைத்துப் பாருங்கள். டெல்நெட் என்பது தூரத்துக் கணினியில் எழுத்து வழியாக வேலை செய்வதற்கான பழைய நெறிமுறை, 23 அதன் வழக்கமான போர்ட். நீங்கள் விசைப்பலகையைத் தொடுவதற்கு முன்பே சர்வருக்கு ஒரு கொத்து பைட்டுகள் வந்து சேர்ந்திருக்கும். எழுத்தாக அச்சிட்டால் கிறுக்கல் மாதிரி தெரியும், நடுவில் ஒரு ஆச்சரியக்குறி, ஒரு மேற்கோள் குறி என்று ஏதோ துண்டு துண்டாக எட்டிப் பார்க்கும். நிறைய பேர் இதைக் குப்பை என்று முடிவு கட்டி, முதலில் வருவதைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும், அப்புறம் வேறு எங்கோ புரியாத இடத்தில் உதைக்கும்.

எண்களாக அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

255 253 3
255 251 24
255 251 31
255 251 32
255 251 33
255 251 34
255 251 39
255 253 5

மும்மூன்றாக எட்டு வரிகள், மொத்தம் 24 பைட்டுகள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் 33 என்றால் ஆச்சரியக்குறி, 34-ம் 39-ம் மேற்கோள் குறிகள், 32 வெற்றிடம், நீங்கள் பார்த்த துண்டுகள் அவைதான். இந்த எட்டு வரியும் கிளையன்ட் சர்வரிடம் சொல்லும் எட்டு விஷயங்கள், சில கோரிக்கைகள், சில விருப்பங்கள். சர்வர் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது, ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். டெல்நெட் பழசு, பாதுகாப்பில்லாதது, எல்லாம் உண்மைதான். ஆனால் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு நிரல்கள் எப்படி ஒரு உடன்பாட்டுக்கு வருவது என்பதை இதைவிடச் சின்னதாக, இதைவிடத் தெளிவாகக் காட்டும் நெறிமுறையை நான் பார்த்ததில்லை.

முதலில் இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமான டெர்மினலை, அதாவது பயனர் தட்டவும் பதிலைப் பார்க்கவும் உதவும் கருவியை, பழக்கமாக வைத்திருந்தது. சில டெர்மினல்கள் காகிதத்தில் அச்சிடும், சில திரையில் காட்டும். சிலவற்றில் நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டினால் டெர்மினலே அதைக் காட்டிவிடும், சிலவற்றில் எழுத்து கணினிவரை போய்த் திரும்பி வந்தால்தான் தெரியும். ஐபிஎம் 2741 மாதிரியானவற்றில் கணினி பேசும்போது விசைப்பலகை பூட்டிக்கொள்ளும், கணினி முடித்துவிட்டு 'இனி உன் முறை' என்று விட்டால்தான் தட்ட முடியும். இப்படி இருக்கும்போது இங்கே ஒரு டெர்மினலில் உட்கார்ந்துகொண்டு அங்கே இன்னொரு ஊர் கணினியில் வேலை செய்ய வேண்டும் என்றால், ஒவ்வொரு கணினியும் உலகில் உள்ள ஒவ்வொரு டெர்மினல் வகையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கும். அது நடக்கிற காரியம் இல்லை.

டெல்நெட்டின் முதல் முயற்சிகள் 1969-லேயே தொடங்கிவிட்டன. இன்று நாம் பார்க்கும் பேச்சுவார்த்தை வடிவம் 1973 மார்ச்சில் யூசிஎல்ஏ-வில் நடந்த ஒரு கூட்டத்தில் உருவானது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்த ஜனவரியில், பிபிஎன் நிறுவனத்தின் பெர்னி கோசெல்லும் டேவ் வால்டனும் டெல்நெட்டில் உள்ள சிக்கல்களை, முக்கியமாகத் தட்டிய எழுத்தைத் திருப்பிக் காட்டும் எதிரொலியை யார் செய்வது என்ற பிரச்சினையை, ஒரு ஆர்எஃப்சியாக (நெறிமுறைகளைப் பற்றிய எண்ணிட்ட பொது ஆவணம்) எழுதியிருந்தார்கள். கடைசியில் 1983 மே மாதம் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதி வந்த ஆர்எஃப்சி 854 தான் இன்றுவரை அடிப்படை ஆவணம். சின்ன ஆவணம், ஒரு மாலையில் வாசித்துவிடலாம்.

அதன் தீர்வு இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதி, எல்லாரும் ஒரு கற்பனை டெர்மினலில் இருந்து தொடங்குவது. நெட்வொர்க் விர்ச்சுவல் டெர்மினல் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக என்விடி. அதற்கு ஒரு விசைப்பலகையும் ஒரு அச்சுப்பொறியும் மட்டும்தான் உண்டு. 7 பிட் ஆஸ்கி எழுத்துகள், வரி முடிந்தால் சிஆர் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு), எல்எஃப் (அடுத்த வரிக்குப் போ) என்ற இரண்டு பைட்டுகள், வெறும் சிஆர் மட்டும் வேண்டுமென்றால் அதன் பின்னால் ஒரு பூஜ்யம். நிறம் கிடையாது, திரை அளவு கிடையாது, கர்சரை நகர்த்துவது கிடையாது. இணைப்பு கிடைத்த அந்த நொடியில் இரண்டு பக்கமும் எதிரே இருப்பது இந்த ஏழை டெர்மினல்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதைவிடக் குறைவாக யாரிடமும் இருக்காது என்பதால், எந்தப் பேச்சும் நடக்காமலே கூட இரண்டு பக்கமும் வேலையை ஓட்ட முடியும்.

இரண்டாவது பகுதிதான் நம் விஷயம். இதைவிட நல்லது வேண்டும் என்று நினைப்பவர் கேட்கலாம். ஒவ்வொரு கூடுதல் வசதிக்கும் ஒரு ஆப்ஷன் எண் உண்டு. எதிரொலிக்கு 1, 8 பிட் பைனரிக்கு 0, 'உன் முறை' சமிக்ஞையை விட்டுவிடுவதற்கு 3, டெர்மினல் வகைக்கு 24, ஜன்னல் அளவுக்கு 31. கேட்பதற்கு நான்கே நான்கு சொற்கள்தான்:

வில், 251: இதை நான் செய்கிறேன், சரியா?
வோன்ட், 252: இதை நான் செய்ய மாட்டேன்.
டூ, 253: இதை நீ செய்.
டோன்ட், 254: இதை நீ செய்யாதே.

இவற்றுக்கு முன்னால் எப்போதும் 255 வரும், அதற்கு ஐஏசி என்று பெயர். டெல்நெட்டில் கட்டளைக்கென்று தனிப் பாதை கிடையாது, உங்கள் எழுத்துகளும் கட்டளைகளும் ஒரே ஓட்டத்தில்தான் கலந்து வரும், அதனால் '255 வந்தால் அடுத்து வருவது கட்டளை' என்று ஒரு அடையாளம் தேவை. 255 என்ற பைட்டையே தரவாக அனுப்ப வேண்டும் என்றால்? இரண்டு முறை அனுப்ப வேண்டும். தமிழ் உட்பட எல்லா மொழிகளையும் எழுதப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் இந்தக் கவலை வராது, அந்த முறையில் 255 என்ற பைட் எந்த எழுத்திலும் வராது. 'த' என்ற எழுத்து 224, 174, 164 என்று போகும், அவ்வளவுதான். ஆனால் கண்டிப்பாகப் பார்த்தால் என்விடி 7 பிட் மட்டுமே பேசும், ஆகவே தமிழில் ஒரு வரி அனுப்ப இரண்டு திசையிலும் பைனரி ஆப்ஷனை இயக்கிக்கொள்வதுதான் முறை. பல மென்பொருள்கள் இதைக் கேட்காமலே 8 பிட்டையும் அப்படியே விட்டுவிடுகின்றன என்பது வேறு விஷயம்.

இப்போது மேலே உள்ள எட்டு வரிகளுக்குத் திரும்புவோம். 255 253 3 என்றால் 'சர்வரே, முறை சமிக்ஞை அனுப்புவதை நீ விட்டுவிடு'. 255 251 24 என்றால் 'என் டெர்மினல் வகையை நான் சொல்லத் தயார்'. 31, ஜன்னல் அளவைச் சொல்லத் தயார். 32 டெர்மினல் வேகம், 33 ஓட்டக் கட்டுப்பாடு, 34 வரி முறை, 39 சூழல் மாறிகள், இவற்றுக்கெல்லாம் தயார். கடைசி வரியில் உள்ள 5 என்பது 'எந்தெந்த ஆப்ஷன் இப்போது இயங்குவதாக நீ நினைக்கிறாய் என்று நான் கேட்டால் சொல்' என்ற நிலை விசாரணை.

ஒவ்வொன்றுக்கும் சர்வர் பதில் சொல்ல வேண்டும். வில்லுக்குப் பதில் டூ அல்லது டோன்ட். டூவுக்குப் பதில் வில் அல்லது வோன்ட். இதில் இரண்டு விதிகள் இருக்கின்றன, இந்த முழு அமைப்பையும் தாங்குவது அவைதான். ஒன்று, ஒரு வசதியை இயக்கச் சொன்னால் மறுக்க உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு, நிறுத்தச் சொன்னால் மறுக்கவே கூடாது. எந்த நேரத்திலும் யாரும் என்விடி நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும் என்பதால்தான் இரண்டாவது விதி.

முதல் விதியின் அருமை உடனே தெரியாது. உங்கள் சர்வருக்கு 39 என்றால் என்னவென்று தெரியவில்லை, பரவாயில்லை, 255 254 39 என்று அனுப்பினால் போதும், முழுக்கச் சரியான பதில். 1983-ல் எழுதிய ஒரு சர்வரிடம் அதற்குப் பல வருடங்கள் கழித்து வந்த ஒரு ஆப்ஷனைக் கேட்டாலும் அது 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரும். பதிப்பு எண் ஒப்பிடுவது, 'நீ எந்த வெர்ஷன்' என்று கேட்டு ஒத்துப்போகாவிட்டால் இணைப்பை அறுப்பது, இப்படி எதுவும் கிடையாது. தெரியாததை மறுத்தால் மட்டும் போதும் என்று வைத்ததால்தான் இத்தனை வருடங்களாக புதுப்புது வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போக முடிந்திருக்கிறது.

அப்புறம், எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ஆப்ஷன் என்பது ஒரு சுவிட்ச் இல்லை, இரண்டு. நான் செய்கிறேனா, நீ செய்கிறாயா என்பவை தனித்தனி. சர்வர் 'வில் 1' என்று சொன்னால் 'நீ தட்டுவதை நான் திருப்பிக் காட்டுகிறேன்' என்று பொருள். 'டூ 1' என்று சொன்னால் 'நான் அனுப்புவதை நீ எனக்குத் திருப்பி அனுப்பு' என்று பொருள், இது யாருக்கும் தேவைப்படாது. இரண்டையும் இயக்கிவிட்டால் ஒரே எழுத்து இரண்டு பக்கத்துக்கும் நடுவே நிற்காமல் போய்ப்போய் வரும், எதிரொலி ஆப்ஷனின் ஆவணமே இதைப் பற்றி எச்சரிக்கிறது. ஆகவே உங்கள் நிரலில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் 'என் பக்கம்', 'எதிர்ப் பக்கம்' என்று இரண்டு நிலைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரொலியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பாஸ்வேர்டு கேட்கும்போது எழுத்து தெரியாமல் போவது இதனால்தான். சர்வர் 'வில் 1' சொல்கிறது, கிளையன்ட் 'டூ 1' சொல்கிறது. அந்த நொடியிலிருந்து கிளையன்ட் தன் பங்குக்கு எழுத்தைத் திரையில் போடுவதை நிறுத்திவிடும், சர்வர் திருப்பி அனுப்பினால்தான் தெரியும். பாஸ்வேர்டு கேட்கும்போது சர்வர் திருப்பி அனுப்பாமல் சும்மா இருந்துவிடுகிறது. கிளையன்ட்டுக்கு இது பாஸ்வேர்டு என்பதே தெரியாது. மட் எனப்படும் எழுத்து வடிவ விளையாட்டு சர்வர்கள் இதையே வேறு மாதிரி பயன்படுத்துகின்றன: மற்ற நேரங்களில் கிளையன்ட்டே எழுத்தைக் காட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பாஸ்வேர்டு கேட்பதற்கு முன் 'வில் 1', வாங்கிய பின் 'வோன்ட் 1'.

இங்கேதான் முன்பு சொன்ன உதை வரும். சர்வர் 'வில் 1' அனுப்பியதற்குக் கிளையன்ட் 255 253 1 என்று பதில் அனுப்பும். முதலில் வந்த 24 பைட்டை மட்டும் தூக்கிப் போட்ட சர்வர் இந்த மூன்று பைட்டை எதிர்பார்க்காது. அவை பாஸ்வேர்டின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். பயனர் சரியாகத்தான் தட்டுகிறார், சர்வர் தவறு என்கிறது, இரண்டாவது முறை தட்டினால் சரியாகிவிடுகிறது.  பேச்சுவார்த்தை இணைப்பின் தொடக்கத்தில் மட்டும் நடக்கும் ஒன்று இல்லை, எந்த நேரமும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்பதை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

எதிரொலியோடு ஜோடியாக வருவது 3-ஆம் எண். 'உன் முறை' சமிக்ஞை விட்டுப்போய், எதிரொலியும் சர்வர் பக்கம் போய்விட்டால், பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் வகையின் வழிவந்த கிளையன்ட்கள் ஒவ்வொரு எழுத்தையும் தட்டத்தட்ட அனுப்பத் தொடங்கிவிடும். இரண்டும் இல்லையென்றால் வரி முடிந்து என்டர் அழுத்தும்வரை வைத்திருந்து மொத்தமாக அனுப்பும். விஐ போன்ற எடிட்டர் ஓட வேண்டுமென்றால் எழுத்துக்கு எழுத்து வேண்டும், ஆகவே சர்வர்கள் 'வில் 1', 'வில் 3' இரண்டையும் சேர்த்தே அனுப்பும். இப்படி இரண்டு ஆப்ஷன் சேர்ந்தால் மூன்றாவது ஒரு அர்த்தம் என்பது ஒழுங்கான வடிவமைப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதைச் சரிசெய்ய 34-ஆம் எண்ணில் ஒரு முறையான வரி முறை ஆப்ஷன் பின்னால் வந்தது, இருந்தும் பழைய பழக்கம்தான் நிலைத்துவிட்டது.

சரி, 'செய்கிறேன், செய்' என்பதோடு எல்லாம் முடிந்துவிடாது. ஜன்னல் அளவைச் சொல்லத் தயார் என்று கிளையன்ட் சொன்னது, சர்வரும் சொல் என்றது. அளவு எங்கே? அதற்குத்தான் துணைப் பேச்சுவார்த்தை. 255 250 என்று தொடங்கி, ஆப்ஷன் எண், அதன் விவரங்கள், பின் 255 240 என்று முடியும். 80 பத்தி, 24 வரி உள்ள ஜன்னல் இப்படி வரும்:

255 250 31 0 80 0 24 255 240

அகலத்துக்கு இரண்டு பைட், உயரத்துக்கு இரண்டு பைட். ஜன்னலை நீங்கள் இழுத்துப் பெரிதாக்கினால் கிளையன்ட் கேட்காமலே புதிய அளவை இதே வடிவத்தில் மறுபடி அனுப்பும். சரியாக 255 பத்தி அகலத்துக்கு இழுத்தால்? அந்த 255 இரட்டிப்பாக வரும், நடுவில் நான்கு பைட்டுக்குப் பதில் ஐந்து இருக்கும். நான்கு பைட்டை எண்ணி எடுக்கும் நிரல்கள் அங்கே தடம் புரளும், இப்படி 255 என்ற பைட் வரும் அளவுகளில் மட்டும்.

டெர்மினல் வகை இன்னும் சுவாரசியமானது. சர்வர் 255 250 24 1 255 240 என்று கேட்கும், 1 என்றால் அனுப்பு. கிளையன்ட் 24-க்குப் பின் 0 போட்டு எக்ஸ்டெர்ம் என்ற மாதிரி ஒரு பெயரை எழுத்துகளாக அனுப்பும். அந்தப் பெயர் சர்வருக்குத் தெரியாதென்றால் மறுபடி கேட்கலாம், கிளையன்ட் தன்னால் நடிக்க முடிந்த அடுத்த டெர்மினலின் பெயரைச் சொல்லும். இப்படிக் கேட்டுக்கொண்டே போய், ஒரே பெயர் தொடர்ந்து இரண்டு முறை வந்தால் பட்டியல் முடிந்தது என்று பொருள். ஐபிஎம் மெயின்ஃப்ரேமோடு பேசும் டிஎன்3270 கிளையன்ட்கள் இதை வைத்துத்தான் தொடங்குகின்றன. ஐபிஎம்-3278-2 என்று வகையைச் சொல்லி, பிறகு இரண்டு திசையிலும் பைனரியையும், பதிவின் முடிவைக் குறிக்கும் 25-ஆம் ஆப்ஷனையும் இயக்கிக்கொள்கின்றன. அதன் பின் அந்த இணைப்பில் ஓடுவது ஆஸ்கி கூட இல்லை, ஐபிஎம்மின் சொந்த எழுத்து முறையான எப்சிடிக்கில் எழுத்துகளும் முழுத்திரைப் படிவங்களும். தொடங்கியது அதே ஏழை என்விடியில்தான்.

இனி சொல்லப்போவதை நிதானமாக வாசியுங்கள், இதுதான் இந்த விஷயத்தின் மையம். 'வில் 24' என்று ஒரு மூன்று பைட் வருகிறது. அது கேள்வியா, பதிலா? பைட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கேள்விக்கு ஒரு குறி, பதிலுக்கு ஒரு குறி என்று எதுவும் கிடையாது, செய்தி எண்ணும் கிடையாது. நான் முன்பு 'டூ 24' அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அது சம்மதம். நான் எதுவும் கேட்கவில்லை என்றால் அது எதிர்ப் பக்கத்தின் புதிய விருப்பம். வித்தியாசம் முழுக்க என் நினைவில்தான் இருக்கிறது.

இதில் ஒரு அழகு உண்டு. கிளையன்ட் 'வில் 24' அனுப்புகிறது, அதே நேரத்தில் சர்வரும் 'டூ 24' அனுப்பிவிட்டது, இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. ஒவ்வொரு பக்கமும் வந்ததைத் தன் செய்திக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ளும், மேற்கொண்டு யாரும் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. யார் முதலில் கேட்டது என்ற கேள்விக்கே இடமில்லை. நடைமுறையில் லினக்ஸ் சர்வரும் கிளையன்ட்டும் இணைந்தவுடன் இப்படித்தான் பல ஆப்ஷன்களில் கடந்து போகின்றன.

நினைவு வைத்திருக்காவிட்டால்? வாசலில் இரண்டு பேர் 'நீங்க போங்க', 'இல்ல, நீங்க போங்க' என்று நிற்பது போல முடிவில்லாமல் போகும். சர்வர் 'வில் 1' என்கிறது, கிளையன்ட் 'டூ 1' என்கிறது, அதைப் புதிய கோரிக்கையாக நினைத்து சர்வர் மறுபடி 'வில் 1', கிளையன்ட் மறுபடி 'டூ 1', வினாடிக்கு ஆயிரக்கணக்கில். இதைத் தடுக்க ஆர்எஃப்சி 854 சொல்வது: நிலை மாற வேண்டும் என்றால் மட்டும் கேள், உன் நிலையை அறிவிப்பதற்காக அனுப்பாதே, ஏற்கெனவே இருக்கும் நிலைக்கே வரச் சொல்லி ஒன்று வந்தால் பதில் சொல்லாதே.

இதைச் சரியாகப் பின்பற்றினாலும் ஒரு ஓட்டை இருந்தது. 1990 பிப்ரவரியில் டேனியல் பெர்ன்ஸ்டைன் ஆர்எஃப்சி 1143-ல் அதை விளக்கினார். ஒரு ஆப்ஷன் இப்போது இயங்குகிறது. நான் நிறுத்து என்று 'டோன்ட்' அனுப்பினேன், பதில் வருவதற்குள் மனம் மாறி 'டூ' அனுப்பிவிட்டேன். என் கணக்கில் இப்போது இயங்குகிறது. எதிர்ப் பக்கம் முறையாக முதலில் 'வோன்ட்', பிறகு 'வில்' என்று இரண்டு பதிலும் அனுப்புகிறது. எனக்கு முதலில் 'வோன்ட்' வருகிறது. இயங்கிக்கொண்டிருப்பதை நிறுத்தப் பார்க்கிறான் என்று நினைத்து, நிறுத்துவதை மறுக்கக் கூடாதே என்று 'டோன்ட்' அனுப்புகிறேன். அடுத்து 'வில்' வருகிறது, ஓ, மறுபடி இயக்க விரும்புகிறான் என்று 'டூ' அனுப்புகிறேன். இந்த இரண்டும் எதிர்ப் பக்கம் போய் மறுபடி 'வோன்ட்', 'வில்' என்று திரும்பி வரும். யாரும் எந்த விதியையும் மீறவில்லை, ஆனாலும் நிற்காது.

அவர் சொன்ன தீர்வுக்குக் க்யூ முறை என்று பெயர். இயங்குகிறது, இயங்கவில்லை என்ற இரண்டு நிலை போதாது, 'இயக்கச் சொல்லிக் காத்திருக்கிறேன்', 'நிறுத்தச் சொல்லிக் காத்திருக்கிறேன்' என்று இன்னும் இரண்டு வேண்டும். காத்திருக்கும்போது மனம் மாறினால் உடனே அனுப்பாதே, ஒரு பிட்டில் குறித்துக்கொள், பழைய கேள்விக்குப் பதில் வந்த பிறகு அனுப்பு. ஒரு ஆப்ஷனுக்கு, ஒரு திசைக்கு, நான்கு நிலையும் ஒரு பிட்டும். சொந்தமாக டெல்நெட் எழுதுபவர்கள் இதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள், ஐம்பது வரிக்குள் அடங்கிவிடும், ஒருமுறை எழுதிவிட்டால் எல்லா ஆப்ஷனுக்கும் அதுவே போதும்.

தரவும் கட்டளையும் ஒரே ஓட்டத்தில் வருவதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதனால் ஒரு துல்லியம் கிடைக்கிறது: எந்தப் பைட்டிலிருந்து புதிய நிலை தொடங்குகிறது என்பதில் சந்தேகமே இருக்காது. மட் சர்வர்களில் எம்சிசிபி என்று ஒரு சுருக்க ஆப்ஷன் இருக்கிறது, அதன் இரண்டாம் பதிப்புக்கு எண் 86. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பின் சர்வர் 255 250 86 255 240 என்று அனுப்பும், அந்த 240-க்கு அடுத்த பைட்டிலிருந்து வருவதெல்லாம் இசட்லிப் என்ற சுருக்க நூலகம் கொண்டு சுருக்கியது. ஒரு பைட் முன்னே பின்னே போனாலும் முழுத் திரையும் குப்பையாகிவிடும், ஒரே ஓட்டம் என்பதால் போவதில்லை.

சீரியல் போர்ட்டோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு நல்ல உதாரணம். ரௌட்டர், சுவிட்ச் போன்றவற்றின் கன்சோல் போர்ட்டுகளை ஒரு டெர்மினல் சர்வரில் சொருகி வைத்து வலை வழியாக அணுகுவது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. அந்த சீரியல் போர்ட்டின் வேகத்தைத் தூரத்திலிருந்து மாற்றுவதற்காக 1997-ல் ஆர்எஃப்சி 2217 வந்தது, ஆப்ஷன் எண் 44. 115200 வேகம் வேண்டும் என்றால் கிளையன்ட் அனுப்புவது 255 250 44 1 0 1 194 0 255 240. அந்த 1 என்பது வேகத்தை அமை என்ற கட்டளை, அடுத்த நான்கு பைட்டும் சேர்ந்து 115200. சர்வர் தன் பதிலில் கட்டளை எண்ணோடு 100 கூட்டி 101 என்று போட்டு, உண்மையில் அமைந்த வேகத்தைச் சொல்லும். பைத்தானின் பைசீரியல் நூலகத்தில் இந்த ஆப்ஷன் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு முகவரி கொடுத்தால் தூரத்துப் போர்ட்டை பக்கத்தில் இருப்பது போலவே திறக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. டெல்நெட்டில் எல்லாம் திறந்த எழுத்தாகவே போகிறது, பாஸ்வேர்டும் அப்படித்தான், அதனால் இணையத்துக்குத் திறந்த ஒரு இயந்திரத்தில் இதை ஓடவிடாதீர்கள். அதற்கு மேல், பேச்சுவார்த்தையே வாசலாக ஆன கதைகள் உண்டு. சூழல் மாறிகளை அனுப்பும் ஆப்ஷன் இருக்கிறதே, கிளையன்ட் சொன்ன மாறியை எல்லாம் சர்வர் அப்படியே எடுத்து லாகின் நிரலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? 1995 நவம்பரில் கணினிப் பாதுகாப்பு எச்சரிக்கைகளை வெளியிடும் செர்ட் அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: எந்த நூலகக் கோப்பை ஏற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் மாறியைத் தூரத்திலிருந்தே மாற்றி, தாக்குபவர் ஏற்கெனவே அங்கே வைத்த நூலகத்தை ஏற்றவைத்து ரூட் அதிகாரம், அதாவது இயந்திரத்தின் முழு அதிகாரம், பெற முடிந்தது. 2007 பிப்ரவரியில் சோலாரிஸ் 10 என்ற இயங்குதளத்தில், பயனர் பெயருக்குப் பதில் '-f' என்று தொடங்கும் ஒரு சரத்தைக் கொடுத்தால் லாகின் நிரல் அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டது. இரண்டிலும் தவறு ஒன்றுதான். எதிர்ப் பக்கம் ஒரு விவரத்தை அனுப்ப நாம் சம்மதித்தோம் என்பதால் அந்த விவரம் நம்பத்தக்கது ஆகிவிடாது.

டெல்நெட்டின் இடத்தைப் பிடித்த பாதுகாப்பான நெறிமுறை எஸ்எஸ்ஹெச் இதே தேவையை வேறு மாதிரி தீர்க்கிறது. டெர்மினல் பெயர், பத்தி, வரி, மற்ற முறைகள் எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையில், மறைகுறியாக்கிய பாதையில் அனுப்பிவிடுகிறது. நல்லதுதான், அன்றாட வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க டெல்நெட்டை 25-க்கும் (மின்னஞ்சல்) 80-க்கும் (வலைத்தளம்) அடிக்கிறோமே, அங்கே இந்த 24 பைட்டும் போய் அந்த சர்வர்களைக் குழப்பாதா? குழப்பாது, ஏனென்றால் லினக்ஸில் உள்ள வழக்கமான கிளையன்ட் 23-ஆம் போர்ட்டாக இருந்தால்தான் தானாகப் பேச்சைத் தொடங்கும், மற்ற போர்ட்டுகளில் எதிர்ப் பக்கம் தொடங்கும்வரை வாயைத் திறக்காது. உங்கள் சோதனை சர்வரை 2323-ல் ஓடவிட்டு அந்தப் பைட்டுகளைப் பார்க்க வேண்டுமென்றால் போர்ட் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு -2323 என்று கொடுங்கள், தொடங்கிவிடும். புட்டி என்ற இன்னொரு கிளையன்ட்டில் இதற்கு ஆக்டிவ், பாசிவ் என்று ஒரு அமைப்பே இருக்கிறது.

சொந்த சர்வர் எழுதப் போகிறீர்கள் என்றால் முதல் நாளில் இவ்வளவு போதும். வரும் பைட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஒரு நிலை இயந்திரம் எழுதுங்கள், ஏனென்றால் 255 ஒரு டிசிபி துண்டிலும் 253 அடுத்த துண்டிலும் வரலாம், 'ஒரே முறை வாசித்தால் மூன்றும் இருக்கும்' என்று நம்ப முடியாது. தெரியாத வில்லுக்கு டோன்ட், தெரியாத டூவுக்கு வோன்ட். நிறுத்தும் செய்தி வந்து, அது ஏற்கெனவே நின்றிருந்தால், மௌனம். துணைப் பேச்சு புரியவில்லை என்றால் 255 240 வரும்வரை தின்றுவிடுங்கள், ஆனால் ஒரு அளவு வரம்பு வையுங்கள், முடிவே வராமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஆளும் இருப்பான். இது ஓடிய பிறகு 1, 3, 31 மூன்றையும் சேருங்கள்.

சோதிக்கும்போது லினக்ஸ் கிளையன்ட்டில் கன்ட்ரோல் விசையையும் வலது சதுர அடைப்பையும் சேர்த்து அழுத்தி, 'டாகிள் ஆப்ஷன்ஸ்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால், அதன் பிறகு போகும் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் பெயரோடு திரையில் காட்டும். புட்டியில் ஈவென்ட் லாக்கைத் திறந்தால் தொடக்கத்திலிருந்தே எல்லாம் பதிவாகியிருக்கும். வலைப் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கிலும் டெல்நெட் என்று வடிகட்டினால் பைட்டுகளைப் பிரித்துப் பெயர் போட்டுத் தரும். மூன்றில் எது கையில் இருந்தாலும் சரி, ஒரு அமர்வு முழுக்க ஓடவிட்டு, ஜன்னலை ஒருமுறை இழுத்துப் பெரிதாக்கி, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் 1-ஆம் ஆப்ஷன் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.